ஜனவரியில் ஊற்றிய பால்

வீட்டுக்குள் வந்த பாம்பை அடிக்காமல், தலையில் பால் ஊற்றி வெளியே அனுப்புகிற சனம் நாம் என்று பெருமை பேசுகிறீர்களே, அந்தப் பால் எந்த மாதத்தில் மரியாதை, எந்த மாதத்தில் கொலை என்று ஒருநாளாவது யோசித்ததுண்டா?

ஓரின்ஷாவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பதில் சொல்லுங்கள்.

வற்றிப்போன ஆரல் கடல் பக்கத்து மணல்காட்டில் ஒரு சின்ன ரயில் நிலையம், அதைச் சுற்றி எங்கள் ஊர். காற்று வீசினால் தண்டவாளம் மணலுக்குள் போய்விடும். அந்த மணலை அள்ளி வீசுவதுதான் ஓரின்ஷாவின் வேலை. புருஷன் எண்ணெய் வயலுக்குப் போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மகன் அல்மாத்தி நகரத்தில் டாக்சி ஓட்டுகிறான். நவ்ரூஸ் பண்டிகைக்குப் போன் செய்வான்.

ஒரு வசந்தத்தில் அவள் அள்ளிய மணலோடு ஒரு மண்ணுளிப் பாம்பும் வந்தது. மண்வெட்டி அதன் தாடையைக் கிழித்திருந்தது. விஷமில்லாத, மணலுக்குள்ளேயே வாழ்கிற, கண்கள் உச்சந்தலையில் இருக்கிற சின்ன உயிர். எங்கள் பக்கத்தில் அதைக் குட்டி டிராகன் என்பார்கள். ஒட்டகத்தைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும் என்று கதையும் கட்டுவார்கள். எந்த ஒட்டகத்தில் அந்தத் துளை இருந்தது என்று கேட்டால் பக்கத்து ஊர் ஒட்டகம் என்பார்கள். ஓரின்ஷா அதைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். என்னிடம் வந்து மருந்து வாங்கிப் போனாள். ஊர் மருந்துக்கடையில் நிற்பவன் நான். காயம் ஆறியது, ஆனால் தாடை கோணிவிட்டது. இனி அதனால் சொந்தமாக இரை பிடிக்க முடியாது. அப்படித்தான் அது அவளோடு தங்கியது, பழைய துத்தநாகத் தொட்டி நிறைய மணலில்.

ஊர் அதை வெறுக்கவில்லை. மாவு மூட்டையில் எலிக்குஞ்சு கண்டவர்கள் அவள் வாசலுக்குத்தான் கொண்டுவந்தார்கள்.

"ஓரின்ஷா, உன் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு வந்திருக்கு."

"வச்சிட்டுப் போங்க. எழுந்ததும் சொல்றேன். எம் புருஷன் மாதிரி இல்ல இவன், சாப்பிட்டா வீட்டுலதான் கிடப்பான்."

குளிர்காலத்தில் தொட்டியை உறையாமலும் சூடாகாமலும் இருக்கிற முன்னறைக்கு நகர்த்திவிடுவாள். வசந்தம்வரை பாம்பு மணலுக்கடியில் தூங்கும்.

இந்த ஜனவரியில் தெருப்பெரியவர் நுர்பெயிஸின் மருமகள் ஜிபெக்குக்குக் கரு கலைந்தது. நுர்பெயிஸ் மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு குறிகாரனைக் கூட்டிவந்தார். அவன் அவரைக்கொட்டைகளைப் பரப்பிக் குறி பார்த்தான், உப்பிட்ட ஆட்டுக்கறியை நன்றாகத் தின்றான், பிறகு சொன்னான்: "உங்க தெருவுல மண்ணுக்கடியில ஒண்ணு தூங்குது. அது தூங்குறவரை இந்த வீட்டுல தொட்டில் ஆடாது."

ஊர் முழுக்கத் தெரிந்த தொட்டியைக் கண்டுபிடிக்க எந்த ஞானமும் தேவையில்லை. வாசலில் விசாரித்தாலே போதும்.

ஓரின்ஷா தண்டவாளத்தில் இருந்த நேரம். எங்கள் ஊரில் கதவைப் பூட்டுவதில்லை. நுர்பெயிஸும் இன்னும் சிலரும் உள்ளே போய், மணலைக் கிளறி, தூங்கிய பாம்பை எடுத்து முற்றத்துப் பனியில் வைத்து, தலையில் ஒட்டகப்பால் ஊற்றி, "நல்லபடியாப் போ" என்று வாழ்த்திவிட்டு வந்தார்கள். திரும்பிவந்த ஓரின்ஷா பார்த்தபோது அது வைத்த இடத்திலேயே கிடந்தது, தலைமேல் பால் உறைந்துபோய். அதை அப்படியே தொட்டி மணலில் புதைத்துவிட்டு நேரே நுர்பெயிஸ் வீட்டுக்குப் போனாள். விஷயம் கேள்விப்பட்டு நானும் ஓடினேன்.

நுர்பெயிஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காரு ஓரின்ஷா. நாங்க கொல்லல. தலையில வெள்ளைப்பால் ஊத்தி மரியாதையாத்தான் அனுப்பிவச்சோம்."

"தூங்கினதை எழுப்பி எங்க அனுப்பினீங்க மாமா?"

"அது போற இடம் அதுக்குத் தெரியும்."

"பனியிலயா? உங்க வீட்டு விருந்தாளிக்குத் தேநீர் குடுத்து, கோட்டைப் பிடுங்கிட்டு வெளிய தள்ளுவீங்களா?"

"பாம்புக்கு ஏதும்மா கோட்டு?" என்று அவர் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"அந்த மணல்தான் மாமா அதுக்குக் கோட்டு. திரும்ப அதுலயே வச்சிட்டு வந்திருக்கேன்."

"சரி, ஆனது ஆச்சு. வெள்ளை ஊத்தினதைத் திரும்ப வீட்டுக்குள்ள எடுக்கக்கூடாது. தெருவுக்கே ஆகாது. தொட்டியைத் தூக்கி வெளிய போடு."

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரியவரே, கோடையில நிழல் தேடித் தானா நுழைஞ்சு, தானா வெளிய ஊரத் தெரிஞ்ச பாம்புக்குத்தான் அந்த வழக்கம். ஜனவரியில அது ஒரு சாண்கூட நகராது. நீங்க செஞ்சது வழக்கமே இல்லை."

"மருந்துக்கடைக்காரருக்கு நம்ம முன்னோரைவிட அதிகம் தெரியுமாக்கும்."

"முன்னோர் யாரும் ஜனவரியில தூங்குற பாம்பைத் தோண்டி எடுக்கல, பெரியவரே."

ஓரின்ஷா தொட்டியை வெளியே போடவில்லை. அதனால் அவள் வீட்டில் யாரும் தேநீர் குடிக்கக்கூடாது என்று தெரு முடிவு செய்தது. மாவில் பிடித்த எலிக்குஞ்சைக்கூட அதற்குப் பிறகு யாரும் அவளுக்குத் தரவில்லை. அவள் வேலைக்குப் போனாள், வந்தாள், தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உயிர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கவில்லை. "ஒருதரம் எழுப்பினதே போதும்" என்றாள்.

பனி உருகி, சிவப்புத் துலிப்புகள் மணலெங்கும் வந்தபோதும் தொட்டி அசையவில்லை. ஒரு சூடான நாளில் மணலைக் கொட்டினாள். பாம்பு என்றைக்கோ செத்திருந்தது. நான் அங்கே இருந்தேன். அவள் அழவில்லை, திட்டவில்லை. அதையும் ஊரே செய்யவேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

பால் சடங்குக்குப் பிறகு, என்னைத் தவிர, அந்த வாசலை முதலில் மிதித்தவள் ஜிபெக். மாமனாருக்குத் தெரியாமல், ஒரு துண்டு ரொட்டியோடு வந்தாள்.

"அக்கா, உங்க பாம்பு பாவம்."

"உம் பிள்ளையும் பாவம்தான். உக்காரு."

"அன்னிக்குக் குழாயடியில ஐஸ் குன்று மாதிரி ஏறியிருந்துச்சு. தோள்ல ரெண்டு வாளி. சறுக்கி விழுந்தேன். அன்னைக்கே மாமாகிட்ட சொன்னேன். மருமக தண்ணி எடுக்காம யாரு எடுப்பான்னாரு."

"குறிகாரன்கிட்டச் சொன்னியா?"

"என்னை யாருக்கா கேட்டாங்க? கொட்டையைத்தான் கேட்டாங்க."

அவள் மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள். அந்தக் கதவுக்கு வெளியே, குழாயிலிருந்து நிரப்பிய இரண்டு வாளிகளையும் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தாள். ஓரின்ஷா எழுந்து போய் அவற்றைத் தூக்கிக்கொண்டு, நுர்பெயிஸின் வாசல்வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

பாலைக் கொண்டு கொன்றவர்கள் இன்றும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அவர்களை நான் திருத்த முடியாது. உங்களைக் கேட்கிறேன். உங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கரு கலைந்தால், கொட்டையைக் கேட்பதற்கு முன்னால் அவளிடம் போய், அன்றைக்கு என்ன சுமந்தாய் என்று கேளுங்கள். அவள் சொன்னதும், அந்தச் சுமையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.