சதாசிவத்தின் பம்பளிமாஸ் தோல் பிஸ்கட்

ஜெலாப்பாங் பிஸ்கட் தொழிற்சாலையில் அடுப்படி வேலை பார்த்த சதாசிவம், மனித குலத்தின் ரத்தக்குழாய்களைக் காப்பாற்றுவதென்று 1983-இல் முடிவெடுத்தார். பம்பளிமாஸ் பழத்தைத் தின்றுவிட்டுத் தோலை எறிகிறவன் உடம்புக்கு வேண்டிய சத்தையே எறிகிறான் என்று வானொலியில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். போதாதா? பழக்கடைத் தோலையெல்லாம் சாக்கில் அள்ளிவந்து, காயவைத்து, வற்றக் காய்ச்சினார். கறுப்பாக ஒரு சாறு இறங்கியது. சிலிபின் பகுதியிலிருந்த அவருடைய வீட்டிலிருந்து ஈக்கள் குடிபெயர்ந்தன.

இதைப் பிஸ்கட்டில் சேர்க்க வேண்டுமென்று தொழிற்சாலை முதலாளியான தவுக்கேயிடம் கெஞ்சினார். முதலில் ஊரார் சாப்பிடட்டும், பார்க்கலாம் என்றார் அவர். ஆனால் சரக்கு திரும்பி வந்தால் அடுப்படியை விட்டு மாவு மூட்டை தூக்கப் போகவேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். சதாசிவமோ இடுப்புவலிக்காரர். இருந்தும் சம்மதித்தார்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும் பொறுப்பு அவருக்கு வந்தது. சாற்றை அண்டாவில் கவிழ்த்தார். கோயில் தலைவர் பத்துமலை முதல் வாய் குடித்தார். கண் கலங்கியது. அம்மனைப் பார்த்தார், விழுங்கினார். சாமி கூழைத் துப்புவதா? வரிசை முழுவதும் அவரவர் பாவத்தை நினைத்துக்கொண்டு குடித்து முடித்தது.

மனைவி வீரம்மா அன்றே சொன்னாள்: "என்னாங்க, அது சாமி கூழு. வெசம்னாலும் குடிப்பாங்க. கடையில யாரு வாங்குவா?"

"அண்டா காலி. இதுக்கு மேல என்னா சாட்சி வேணும்லா?"

அண்டா காலியான செய்தி தவுக்கேவுக்கும் போயிற்று. பிஸ்கட் வெந்தது. தஞ்சோங் மாலிம் வரை லாரி போயிற்று. அதே லாரி, அதே சரக்கோடு திரும்பியது. தவுக்கே திட்டக்கூட இல்லை. மறுநாள் மாவு மூட்டைகள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். பிஸ்கட் டின்களை அன்பளிப்பாக வீட்டுக்கே அனுப்பிவைத்தார்.

பக்கத்து வீட்டுக் கோழிகள் முகர்ந்துவிட்டு நடந்தன. பத்துமலையிடம் ஒரு டின்னை நீட்டியபோது அவர் மரியாதையாகப் பின்வாங்கினார். "நல்ல சாமான்தான் மச்சான். ஆனா கோயில்ல குடு, அங்கன்னா சாப்பிட்டுருவோம்."

அன்று சாயங்காலம் சதாசிவம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீரம்மா தேநீரோடு தட்டு நிறைய அந்தப் பிஸ்கட்டை வைத்தாள்.

"ஒடம்புக்கு நல்லதுன்னீங்க. மூட்டை தூக்குறவருக்குத்தான முதல்ல வேணும்?"

ஒன்றைக் கடித்தார். அவள் எதிரிலேயே நின்றதால் துப்புவதற்கும் வழியில்லை.