ஒருமனதாகத் தெரிவான குவாட்டர்பேக்

எங்கள் வீட்டில் என் கல்யாணத்தைவிட அதிகமாகப் பேசப்பட்ட விஷயம் ஒன்று உண்டென்றால், அமெரிக்க உதைபந்தாட்டத்தில் எக்காலத்துக்கும் சிறந்த குவாட்டர்பேக் யார் என்பதுதான். ஒஸ்லோவில், ரொம்சோஸின் மாடிக் குடியிருப்பில் வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்துக்கு இந்த வியாதி எப்படித் தொற்றியது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். காரணம் நான்தான். பல்கலைக்கழகத்தில் படித்த நாட்களில் பெண்கள் அணி ஒன்றில் சேர்ந்தேன். நாங்கள் ஆடியது அந்த ஆட்டத்தின் சாதுவான வகை. ஆளை மோதி விழுத்தத் தேவையில்லை, இடுப்பில் தொங்கும் துணிப்பட்டியை இழுத்தால் போதும். என்னை ஏற்றிப்போக வந்த அப்பா மைதான ஓரத்தில், கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி நின்று பார்த்தார். சில வாரங்களில், எப்படி எறிய வேண்டும் என்று எனக்கே சொல்லத் தொடங்கிவிட்டார். அந்தப் பந்தை அவர் ஒருநாளும் தொட்டதில்லை.

குவாட்டர்பேக் என்பவர் பந்தைக் கையில் வாங்கி, எதிரணி மேலே வந்து விழுவதற்குள் யார் தனித்து ஓடுகிறார் என்று பார்த்து எறிபவர். அணி வென்றால் மாலை அவருக்கு, தோற்றால் திட்டும் அவருக்கே. அப்பாவின் ஆள் அதிகக் கோப்பைகள் வென்றவர். என் ஆள் அதற்கு முந்திய காலத்தவர், ஒரு கோப்பையும் வெல்லாதவர். ஆனால் அவரைப் போல் எறிந்தவர் கிடையாது என்பது என் முடிந்த முடிவு. அந்த இடத்தில் நின்று ஆடியவள் என்ற முறையில், கையில் வந்து விழுந்த பந்தை ஒருத்தி நழுவவிட்டால் எறிந்தவள் அதற்கு என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் அதெல்லாம் செல்லாது.

"கோப்பை இல்லாதவன் என்ன கெட்டிக்காரன்? எங்கை, அலுமாரியைத் திறந்து காட்டச் சொல்லு பாப்பம்" என்பார்.

இலையுதிர்காலம் வந்தால் ஞாயிறு மாலைகள் எங்களுக்குரியவை. அமெரிக்காவில் மதியத்தில் நடக்கும் ஆட்டம் இங்கே இருட்டியபின் வரும். அம்மா தொலைபேசியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவார். ஆட்டம் முடிந்தாலும் வாதம் முடியாது. தே-பானே என்ற சுரங்க ரயிலில் தொடரும், யாரோ வீட்டுப் பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்கில் சாப்பாட்டு வரிசையிலும் தொடரும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். வேலை நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பதால் மிச்சத்தையெல்லாம் வீட்டில் கொட்டுகிறார் என்பது அம்மாவின் கணிப்பு. குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், பனி அள்ளுவது பற்றி நோர்வேக்காரர்கள் களைத்துப்போகும்வரை வாதாடிய மனிதர் அவர். எனக்கு மட்டும் விட்டுக்கொடுப்பாரா?

என் வயது முப்பதைத் தாண்டியபின் பக்கத்து ஸ்டோவ்னரில் இருக்கும் மாமி ஒருவர் சம்பந்தம் ஒன்று கொண்டுவந்தார். இரண்டு பக்கத்துக்கும் சொந்தக்காரி அவர். மாப்பிள்ளை நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவர், பாலம் கட்டும் பொறியியலாளர். நாங்கள் தொலைபேசியில் சில தடவைகள் பேசினோம். வேலை, சாப்பாடு, யார் வீட்டில் எவ்வளவு தமிழ் என்ற அளவில்தான். "விளையாட்டுக் கதையை முதலே எடுத்துப்போடாதை, பெடியன் பயந்திடுவான்" என்று மாமி என்னை எச்சரித்திருந்தார். இருந்தாலும் மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது. சம்மதித்தால் நான் ஒஸ்லோவை விட்டு அங்கே போகவேண்டும். பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. அதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் மாப்பிள்ளையும் அவருடைய பெற்றோரும் மாமியோடு வந்தார்கள். அம்மா ரோல்ஸ், வடை, கேக் என்று மேசையை நிரப்பியிருந்தார். பெண்ணைப் பெற்றவர்கள் அன்றைக்கு எதற்கும் மறுத்துப் பேசக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். மாப்பிள்ளையின் தகப்பனார் நோர்வே சரியான குளிர் என்றார். அப்பா ஓம் என்றார். சற்று நேரத்தில் அவரே, அமெரிக்கக் குளிரோடு பார்த்தால் இது ஒன்றுமில்லை என்றார். அதற்கும் அப்பா ஓம் என்றார்.

பேச்சு வற்றியபோது மாமி கைகொடுத்தார். "தகப்பனுக்கும் மேளுக்கும் அமெரிக்கன் ஃபுட்போல் எண்டால் சாப்பாடும் வேண்டாம்."

மாப்பிள்ளை கேக்குத் தட்டை மேசையில் வைத்தார். "என்னைக் கேட்டால், இப்ப விளையாடுறவர்தான் எல்லாரிலும் திறம்" என்று ஒரு பெயரைச் சொன்னார்.

எங்கள் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரு வாக்கும் விழுந்ததில்லை. நானும் அப்பாவும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான். அந்தப் பெடியன் இன்னும் பல வருடம் ஆடட்டும், பிறகு பார்க்கலாம் என்பது இருவரின் தீர்ப்பு. அப்பா நாற்காலியில் நிமிர்ந்தார். மனிதர் தொடங்கப்போகிறார் என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

"ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறதுதான் சரி. அவரை விட்டால் வேறை ஆர் இருக்கினம்?" என்றார் அப்பா.

"எங்களுக்கும் அவர்தான்" என்றார் அம்மா, தேநீர்த் தட்டோடு வந்தபடி. அந்தப் பெயரை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டார். மாப்பிள்ளை வீட்டாரும் மாமியும் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நல்லாய் எறிவார்தான் என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்தேன்.

அவர்கள் போனபின் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்கடை ஆளை ஏனப்பா கைவிட்டனீங்கள்?"

"உது ஒரு விளையாட்டுக் கதை, பிள்ளை. விடு."

"இவ்வளவு காலமும் எனக்கு ஒருக்காலாவது விட்டுக்குடுத்தனீங்களே?"

"நீ என்ன சண்டை பிடிச்சாலும் விடிய இஞ்சைதான் நிப்பாய்" என்றார், திரும்பிப் பார்க்காமலே. "நாளைக்கு உன்னை வைச்சுப் பாக்கப்போற சனத்தோடை நான் ஏன் மல்லுக்கட்டுவான்?"

அப்பாவை அவ்வளவு சிறியவராக நான் பார்த்ததில்லை. நோர்வேக்காரர்களைக் களைக்கவைத்த மனிதர், என்னைப் பெற்ற குற்றத்துக்காக ஒரு விருந்தாளியின் முன் தலையைக் குனிந்தது எனக்கு வலித்தது. கொடுத்த வெற்றியை ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போன மாப்பிள்ளை மேலும் வெறுப்பு வந்தது. காலம் முழுக்க ஓம் போட வேண்டிய மருமகன் என்றால் எனக்கு அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தேன். மறுநாள் காலை, மாமியைக் கேட்காமல், நானே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நேற்று அப்பா பொய் சொன்னவர். நாங்கள் ஒருத்தரும் உங்கடை ஆளின்ர கட்சி இல்லை" என்றேன்.

மறுமுனையில் அவர் புரையேறும் அளவுக்குச் சிரித்தார்.

"என்ர ஆளோ? மாமிதான் சொன்னவ, உங்கடை வீட்டிலை அவர் எண்டால் உயிராம். அவரின்ர பேர் போட்ட டீ-ஷர்ட்டோடை உங்களைக் கண்டவவாம். பொம்பிளை வீட்டிலை எதிர்த்துக் கதையாதை எண்டு வழி முழுக்க என்ர அப்பாவும் ஓதினவர். நான் உங்களுக்காகச் சொன்னனான்."

அந்த டீ-ஷர்ட், மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் என்னோடு வேலை செய்பவர்கள் பிறந்தநாளுக்குத் தந்தது. குப்பை கொட்டப் போகும்போது போடுவேன். ஆக, ஒரு வரவேற்பறை நிறையப் பேர், ஒருவர்கூட நம்பாத ஒருவரை ஒருமனதாகத் தெரிவு செய்திருக்கிறோம். எங்கள் ஆட்களால் மட்டுமே முடிந்த காரியம்.

"அப்ப உண்மையிலை ஆர்?" என்று கேட்டேன்.

அவர் என் அப்பாவின் ஆளையே சொன்னார். "கோப்பையை எண்ணிப் பாருங்கோவன்!" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பை அணிக்குரியது, எறிபவருக்கல்ல என்று நான் தொடங்க, அவர் மறுக்க, அம்மா இரண்டு தரம் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை ஓர் அங்குலமும் இறங்கவில்லை. எனக்கு அது மிகவும் பிடித்தது. அவர்கள் விமானம் ஏறுமுன் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாலை, ஆட்டம் தொடங்கியபின், அப்பாவிடம் முழுக்கதையையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். "உங்களுக்குச் சந்தோஷம்தானே? மருமோன் உங்கடை கட்சி. இனி என்ர பாடுதான் திண்டாட்டம்" என்றேன்.

அவர் தொலைக்காட்சியைப் பார்த்தபடியே இருந்தார். விளம்பரம் வந்தது.

"அப்ப நான் உன்ர ஆளுக்கு மாறுறன்" என்றார்.

"என்னப்பா, பகிடியோ?"

"பகிடி இல்லை. எல்லாரிலும் திறம் அவர்தான்."

"கோப்பை?"

"கோப்பை கிடக்கட்டும். அங்கை போய் நீ தனிய நிண்டு சண்டை பிடிக்கவேணும். உன்ர பக்கம் ஒராள் இருக்கவேண்டாமே?"

இத்தனை வருடமும் அவர் வாயிலிருந்து கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. கேட்டபோது அழுதுவிட்டேன். பழையபடி உங்கள் ஆளுக்கே மாறிவிடுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றுவிட்டார்.