துபாயில் ஹீட்டர் போட்டவன்

ரேஸ் டிரைவர் என்றால் கப்பு வாங்குகிறவன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பது காரை முழுசாகத் திருப்பிக் கொண்டுவர. ரோட்டில் ஓடுகிற அதே சாதாரண கார்தான், பின் ஸீட்டைப் பிடுங்கிவிட்டு உள்ளே இரும்புக் கூண்டு மாட்டியிருக்கும். ஒன்பது வருஷமாக நாலாவது, ஐந்தாவது, ஆறாவது இடம்தான். ஒரே போஸ்டில் பிரமோஷன் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் நிலைமை புரியும்.

நாலு தடவை ஃபெயில்

மெக்கானிக்காகத்தான் துபாய் வந்தேன். டிராக்கில் காரை நகர்த்தி வைக்கப்போய் முதலாளி, அதாவது எங்கள் அர்பாப், கண்ணில் பட்டேன். ரேஸ் லைசென்ஸ் ஒரே தடவையில் கிடைத்தது. ரோட்டு லைசென்ஸுக்கு நாலு தடவை ஃபெயில். இங்கே டெஸ்ட் கொடுத்தவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சலை நான் விளக்க வேண்டியதில்லை.

நாலாவது டெஸ்டில் ரவுண்டானா வந்தது. டிராக்கில் வளைவு வந்தால் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தை உரசிவிட்டு மறுபடி வெளியே போகணும். கை தன்பாட்டுக்கு அதையே செய்துவிட்டது. மூன்று லேனும் எனக்கே. பக்கத்திலிருந்த பெஷாவர்க்கார எக்ஸாமினர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பாய், மத்தவங்களுக்கும் ஒரு லேன் விட்டு வைங்க."

காதர் காக்காவின் ஃபிளைட்

மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார் காதர். கீழக்கரைக்காரர், எங்களுக்கெல்லாம் காக்கா, அவர்கள் ஊர் வழக்கில் அண்ணன். சவுதியில், அல் கோபாரில் இருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பியவர் கடையில் பேசிக்கொண்டே இருந்து லேட் ஆக்கிவிட்டு, ரேஸ்காரன் இருக்கும்போது டாக்ஸி எதற்கு என்று என் காரில் ஏறிக்கொண்டார்.

ஐந்தாவது தடவை லைசென்ஸ் கிடைத்துவிட்டது, ஆனால் அந்த ரவுண்டானாவுக்கப்புறம் ரோட்டில் நான் பரம சாது. போர்டில் போட்டிருக்கிற ஸ்பீடுக்கு மேல் முள் ஏறாது. பள்ளிக்கூட வேன் ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. காக்கா சீட் பெல்டைப் பிடித்தபடி வாட்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏர்போர்ட்டில் கேட் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஓடினார். ஓடும்போது திரும்பிச் சொன்னது: "தம்பி, மெட்ரோவுல போயிருந்தா இந்நேரம் டீ குடிச்சிருப்பேன்."

அர்பாபின் கண்டிஷன்

இந்த சீசனில் இரண்டு தடவை இன்ஜின் பாதியில் நின்றது. என் தப்பு இல்லை, ஆனாலும் நின்ற காருக்குள் இருந்தது நான்தான். அர்பாபின் மருமகன் வேகமான டிரைவர் ஒருவரைக் கையோடு கூட்டிவந்து நிறுத்திவிட்டார். கடைசி ரேஸில் கார் கோட்டைத் தாண்டினால் நான் இருக்கலாம், இல்லாவிட்டால் கலாஸ் என்றார் அர்பாப். விசா போனால் பர் துபாய் வீடு, மகளின் பள்ளிக்கூடம் எல்லாம் போச்சு. வீட்டில் சொல்லவில்லை.

எங்கள் மெக்கானிக் முருகேசன், புதுக்கோட்டைக்காரன். ஹெல்மெட்டை மாட்டிவிட்டுச் சொன்னான்: "ஜெயிக்க வேணாம்ணே, வந்து சேருங்க. புது ஆளு வந்தா மெக்கானிக்கையும் மாத்திருவாங்க."

கடைசி ஒன்பது ரவுண்டு

ஏப்ரல் மாத வெயில். ஒன்பது ரவுண்டு பாக்கி, மூன்றாவது இடத்தில் இருக்கிறேன், சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினால் வேலை போச்சு, நிறுத்தாவிட்டால் இன்ஜின் போச்சு. ஹீட்டரை முழுசாகத் திருப்பினேன். இன்ஜின் சூட்டைக் காருக்குள் இழுத்துவிடுகிற பழைய மெக்கானிக் வித்தை. துபாயில் ஹீட்டர் ஸ்விட்ச் எந்தப் பக்கம் திருகணும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

முள் இறங்கியது, நான் வெந்தேன். ஷூவுக்குள் இட்லி அவிக்கலாம். இரண்டு பேர் முந்திப் போனார்கள், போங்கப்பா ராசா என்று வழிவிட்டேன். ஐந்தாவதாகக் கோட்டைத் தாண்டியதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐஸ் வாளியில் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். அர்பாப் முதலில் காரைச் சுற்றிப் பார்த்தார். உள்ளே கையை நீட்டியவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். அப்புறம் என்னிடம் வந்து அவருடைய ஹிந்தியில் சொன்னார்: "இந்த ஊர்ல ஹீட்டர் போட்டு ஓட்டுற இன்னொரு ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்? நாளைக்குப் பாஸ்போர்ட்டைக் கொண்டு வா."

ஜெயித்தவனை மேடையில் ஏற்றுகிறார்கள், வந்து சேர்ந்தவனுக்கு விசா அடிக்கிறார்கள். குடும்பத்தோடு இருக்கிறவனுக்கு மேடை எதற்குங்க?