ஆடியதும் ஆட்டியதும்

எங்கள் ஊரில் உடம்பு தன்பாட்டில் ஆடினால் அதற்கு ஒரே சொல்தான் இருந்தது: கலை. அம்மன் இறங்கிவிட்டாள் என்று பொருள். நான் படித்த இயன்மருத்துவத்திலோ அதற்கு ஒரு பட்டியலே உண்டு. நடுக்கம், வெட்டித் துள்ளல், முறுக்கம், கோரியா. முதல் வருடத்தில் அந்தப் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது கோரியாவில் என் பேனை நின்றுவிட்டது. தொண்டைக் காய்ச்சல் வந்து போன பிறகு சிறுவர்களுக்கு வருவது, பெண்பிள்ளைகளுக்குக் கூடுதலாக. கை நிலைகொள்ளாது. முகம் கோணும். பதற்றத்தில் கூடும், நித்திரையில் அடங்கும். விரிவுரையாளர் நோயைச் சொல்லச் சொல்ல நான் அக்காவை எழுதிக்கொண்டிருந்தேன்.

அக்கா சில மாத வைத்தியத்தில் சுகமாகிவிட்டாள். காய்ச்சல் திரும்பி வராமலிருக்கப் போடும் ஊசி மட்டும் பல வருடம் தொடர்ந்தது. ஆனால் வைத்தியத்துக்கு முன் ஒரு திருவிழா வந்தது.

அப்போது நாங்கள் இறுப்பிட்டியில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அந்த ஆண்டு அவள் கையிலிருந்து கோப்பைகள் விழத் தொடங்கின. எழுத்து வரியை விட்டு ஓடியது. அம்மா, "ஒழுங்கா இரு" என்று பேசினார். ஆசிரியை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். என் வகுப்புப் பெட்டைகள் என்னைக் கண்டால் வாயைக் கோணிக் காட்டுவார்கள். நான் அக்காவுக்குச் சற்றுப் பின்னால், வேறு யாருடைய பிள்ளையோ போல நடக்கப் பழகிக்கொண்டேன்.

அம்மன் கோயிலில் பூசை மணியும் உடுக்கும் சேர்ந்து எழுந்தபோது அக்காவின் தோள் துள்ளியது. கைகள் வீசின. "கலை வந்திட்டுது!" என்று யாரோ கத்த, கூட்டம் விலகி வட்டமாக நின்றது. வேப்பிலையை அவள் கையில் திணித்தார்கள். அது உடனே நழுவி விழுந்தது. அதையும் பக்தியோடு பொறுக்கிக் கண்ணில் ஒற்றினார்கள். காலையில் "குரங்குச் சேட்டை" என்று திட்டிய பெரியம்மாவே கைகூப்பி நின்றார். வட்டத்தில் என் வகுப்புப் பெட்டைகளும் நின்றார்கள். முகத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி இருந்த மாமி ஒருவர் ஓடிவந்து அக்காவின் காலில் விழுந்தார். போரின் கடைசிச் சண்டையில் அவருடைய மகன் காணாமற்போயிருந்தான். அவர் போகாத கோயிலும் கேட்காத சாத்திரமும் இல்லை.

"அம்மாளாச்சி, ஒண்டே ஒண்டு சொல்லு தாயே. என்ர பிள்ளை உயிரோட இருக்கிறானோ?"

உடுக்கு நின்றது. அக்கா எதையோ சொல்ல வாயெடுத்தாள், நாக்கு ஒத்துழைக்கவில்லை. அவளுடைய தலை முன்னுக்குச் சரிந்து நிமிர்ந்தது. மீண்டும் சரிந்தது.

"ஓம் எண்டிட்டா!" என்றது கூட்டம்.

வீட்டுக்கு வந்த அக்கா சோற்றைத் தொடவில்லை. "நான் ஆட்டேல்லை அம்மா, அது ஆடினது" என்று குழறிக் குழறி அழுதாள். "மாமியிட்டப் போய்ச் சொல்லுங்கோ. அவன் வாறான் எண்டு பாத்துக்கொண்டு இருக்கப்போறா."

பெரியம்மா சீறினார். "பேசாமல் கிட. அம்மன் எண்டால் ஊர் கும்பிடும். நோய் வருத்தம் எண்டால் நாளைக்கு ஆர் உன்னைக் கட்டுவான்?"

மறுநாள் பின்னேரம் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனார்.

மகனுடைய சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, முற்றத்தில் நிறுத்தியிருந்தார் மாமி. அதைக் கண்டதும் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

"குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு ஏதோ நரம்பு வருத்தம் போலக் கிடக்கு. நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். நேற்று வந்தது கலை இல்லை."

எனக்குக் காது சுட்டது. ஊரே கும்பிட்டதை ஒரு வருத்தமாக்கி, அதையும் நாங்களே வாசலில் நின்று சொல்லவேண்டியிருந்தது. பெரியம்மா சொன்னதைக் கேட்டிருக்கலாமென்று தோன்றியது.

அக்கா முன்னுக்கு வந்தாள். "மாமி, நான் தலையை ஆட்டேல்லை. அது தானா ஆடினது."

துள்ளிக்கொண்டிருந்த அவள் கையை மாமி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"தெரியும் பிள்ளை. நீ ஆட்டியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்."

பிறகு, "இருங்கோ, தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்" என்று குசினிக்குள் போய்விட்டார்.

அம்மா அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். இவ்வளவு வெட்கப்பட்டுச் சொல்லியும் வீணாய்ப் போயிற்றே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அவவுக்கு விளங்கேல்லை அம்மா. இன்னொருக்காச் சொல்லுங்கோ."