சிவப்புப் பக்கத்து ஊசி

ஜெயஷீலா ஒரு பொருளை வாங்கி முடிப்பதற்குள் அந்தப் பொருளுக்கே அலுத்துவிடும். மூக்குக் கண்ணாடிக்கு ஃபிரேம் எடுக்கப் போனவர், கடைக்காரர் மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தபோதும் அதே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மிக்சி வாங்கிய கதையைச் சொன்னால் உங்களுக்கு நேரமாகிவிடும். துறைமுகச் சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் காலமெல்லாம் பேப்பர் சரிபார்த்ததால் வந்த பழக்கம் அது. அந்த வேலையில் ஒரு எண் மாறினாலும் கன்டெய்னர் யார்டிலேயே கிடக்கும். பக்கத்து மேஜையில் இருந்த நான் அவருக்கு ‘ஸ்கேனிங் மிஷின்’ என்று பெயர் வைத்தேன். அது அவர் காதுக்கும் போனது. கோபப்படவில்லை. “ஏலே பாண்டியா, மிஷினுக்கு ஒரு டீ சொல்லு” என்பார், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற பிறகு தேட ஆரம்பித்தது ஒரு ஊசியை. பழைய ரெக்கார்டு பிளேயரில் இசைத்தட்டின்மேல் உரசிப் பாட்டை எடுக்கிற ஊசி. பார்க்க ஒரு கடுகின் பாதிகூட இருக்காது. இதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் இந்த முறை அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து, தோணிகளுக்குக் கயிறும் பெயின்டும் விற்ற ஜீவமணிக்கு அவர் ஒரே மகள். அம்மா ஞானசௌந்தரி திருச்சபைப் பாடகர் குழுவில் தனிக்குரல் பாடியவர். ஒரு கிறிஸ்துமஸுக்காகக் குழு மொத்தமும் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய் ஒரு சின்னத் தட்டு பதிந்து வந்தது. ஸ்டுடியோவில் அவர்களுக்குக் கிடைத்த நேரம் கொஞ்சம். ஒரே தடவை பாடினார்கள், அப்படியே தட்டாகிவிட்டது. அடுத்த வருஷமே அம்மா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். ஜெயஷீலாவுக்கு அப்போது நடை பழகுகிற வயது. அம்மாவின் முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு அந்த ஒரு தட்டுதான்.

அந்தக் குரலையும் அவர் சரியாகக் கேட்டதில்லை. காரணம் அப்பா. ஜீவமணி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து, கறிச்சோறு சாப்பிட்டுக் கைகழுவியதும் அந்தத் தட்டைப் போடுவார். வருஷக்கணக்காகப் போட்டார். ஜெயஷீலாவுக்கு நினைவு தெரிந்த காலத்திலேயே அதில் பாட்டு பாதி, கரகரப்பு பாதி. கல்லூரிக்குப் போன காலத்தில் கரகரப்புக்கு நடுவே எங்கேயோ ஒரு பெண் பாடுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. ஊரில் எல்லாரும் ஞானசௌந்தரி தப்பே விடாமல் பாடுவாள் என்பார்கள். மகளுக்கு அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

“தேச்சே தீத்துட்டாரு, பாண்டியா” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். “எனக்கும் ஒரு வாய் மிச்சம் வைக்கணும்னு அந்த மனுசனுக்குத் தோணலியே.”

அப்பாமேல் அவருக்கு உண்மையாகவே கோபம். அப்பா இறந்து எத்தனையோ வருஷமாகியும் அது குறையவில்லை. அப்பாவும் ஒரு காலத்தில் அதே குழுவில் பாடியவர்தான். மனைவி போன பிறகு கோவிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வாயையே திறக்கமாட்டாராம். வீட்டில் அந்தத் தட்டு ஓடும்போது மட்டும், மூன்றாம் சரணத்துக்கு முன்னால் கரகரப்பு அதிகமாகிற ஓரிடத்தில், அவர் உதடு அசையும். கீறலைத் திட்டுகிறார் என்று ஜெயஷீலா நினைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவெல்லாம் ஒன்றாகிவிட்டது. ஜெயஷீலா வீட்டில் முட்டளவுத் தண்ணீர். கணவர் நேசக்குமார் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டிருக்க, இவர் முதலில் தட்டையும் பிளேயரையும் பரணில் ஏற்றினார். பத்திரமெல்லாம் அதற்குப் பிறகுதான். நாசரேத்தில் ஒரு வீட்டில் அதே பதிவின் இன்னொரு தட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். வெள்ளம் வடிந்ததும் விசாரித்தால், அந்த வீட்டில் அது அலமாரியோடு சேற்றில் போயிருந்தது. அன்றைக்குத்தான் முடிவு செய்தார். இருக்கும்போதே ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும்.

கேட்பதற்கு ஊசி வேண்டும். சும்மா ஏதோ ஓர் ஊசியைப் போட்டுவிட முடியாது. தவறான ஊசி மிச்சமிருக்கிற குரலையும் சுரண்டிவிடும். இணையத்தில் ரெக்கார்டுப் பிரியர்களின் குழுக்களில் சேர்ந்து கேட்டார். ஒருவர் வைரமுனை என்றார், ஒருவர் நீலக்கல் முனையே போதும் என்றார். முனை உருண்டையாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி, முட்டை வடிவில் இருக்க வேண்டும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் ராத்திரி பகலாக அடித்துக்கொண்டன. பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்று ஒருவர் எல்லாருக்கும் சொல்வதை இவருக்கும் சொன்னார். ஜெயஷீலா எல்லாவற்றையும் வாசித்தார், யாருக்கும் பதில் போடவில்லை.

“அவங்க எல்லாரும் புது ஊசியப் பத்தியே பேசுதாங்க. பழைய ஊசி தட்டுல என்ன பண்ணிச்சுன்னு ஒருத்தரும் கேக்கல. பழைய பேப்பரப் பாக்காம புதுப் பேப்பர் போடுவாங்களாலே?”

“அதுக்கு யாருகிட்டக்கா போக முடியும்?”

“முத்துப் பாக்கவருகிட்ட.”

வன்னியபெருமாள் அண்ணாச்சி நகைக்கடைத் தெருவில் கல்லும் முத்தும் தரம் பார்ப்பவர். கடலில் எடுத்த முத்தா, வளர்த்த முத்தா, வெறும் பிளாஸ்டிக்கா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார். மாடிப்படி ஏறி நாங்கள் போனபோது முத்துமாலையோடு ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் போனதும் ஜெயஷீலா ஒரு மாத்திரை டப்பாவைத் திறந்து பழைய ஊசியை வைத்தார். அண்ணாச்சி எங்களை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

அந்த ஊசியில் இரண்டு பக்கம் உண்டு. சின்ன நெம்புகோலைத் திருப்பினால் ஊசி புரளும். சிவப்புப் பக்கம் மெல்லிய முனை, பிற்காலத்து நுண்ணிய வரித் தட்டுகளுக்கு. பச்சைப் பக்கம் தடித்த முனை, அதற்கும் முந்தின அகல வரித் தட்டுகளுக்கு. அம்மாவின் தட்டு சிவப்பில் ஓட வேண்டியது.

அண்ணாச்சி வெகுநேரம் பார்த்தார். “சிவப்புல முனையே இல்லம்மா. ஒடிஞ்சு போயிருக்கு. ரொம்பப் பழைய ஒடிசல். பச்சை இருக்கு, ஆனா மழுங்கிப் போச்சு.”

 ஜெயஷீலாவுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. அம்மா இறந்த வருஷம் வீடு மாறியபோது பெட்டி கீழே விழுந்ததாகப் பெரியம்மா சொல்லியிருக்கிறார். அப்பா பச்சைக்குத் திருப்பிப் போட்டிருக்கிறார். தடி ஊசிதானே, நிறைய நாள் உழைக்கும் என்பது கடைக்காரர் புத்தி. ஊசி வரியில் உட்காராமல் துள்ளியதற்கு, ஊசியைத் தாங்குகிற கைக்குமேல் ஒரு நாணயத்தை ஒட்டிவைத்திருக்கிறார். அந்த நாணயம் இன்னும் பெட்டியில் இருந்தது. அதை ஏதோ ராசிக்கு வைத்தது என்று ஜெயஷீலா நினைத்திருந்தார்.

“அண்ணாச்சி, இதையும் பாத்துச் சொல்லுங்க” என்று தட்டை எடுத்து நீட்டினார். 

அண்ணாச்சி தட்டின் வரிகளைப் பார்த்தார். வெளிச்சத்தை மாற்றி மாற்றி வைத்தார். “வரியோட மேல் விளிம்பு வெளுத்துப்போய் கெடக்கு. உள்ள, அடில, நல்லா கருப்பா பளபளன்னு இருக்கு. ஒண்ணும் படலயே.”

எனக்குப் புரியவில்லை. ஜெயஷீலாவுக்குப் புரிந்துவிட்டது. தடித்த ஊசி நுண்ணிய வரிக்குள் இறங்காது. பெரிய உருண்டை சின்னக் குழியின் வாயில் உட்காருவதுபோல, மேல் விளிம்பிலேயே உரசிக்கொண்டு போயிருக்கிறது. அப்பா இத்தனை வருஷமும் தேய்த்தது மேலேதான். கீழே இருக்கிற குரலை எந்த ஊசியும் தொட்டு அறுபது வருஷமாகிறது.

மெல்லிய முனை வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நம்மவர் அதோடு விடுவாரா? முதலில் வரவழைத்த ஊசியை அண்ணாச்சியிடம் கொண்டுபோனார். முனை சாய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டாவதில் சிவப்பு, பச்சை இரண்டு பக்கமும் ஒரே தடிமன். அதை மட்டும் போட்டிருந்தால் அப்பா செய்ததையே இவரும் செய்திருப்பார். அண்ணாச்சிக்கு முத்து பார்க்கிற நேரம் குறைந்து ஊசி பார்க்கிற நேரம் கூடியது. மூன்றாவது ஊசி ஒரு பழைய கடையில் பிரிக்காத டப்பாவில் கிடைத்தது. உருண்டை வைரமுனை, நேராக நின்றது. “இத வாங்கிக்கம்மா” என்று அண்ணாச்சி சொன்ன வேகத்தில் நிம்மதி தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னை வரச்சொன்னார். நேசக்குமார் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். முதலில் ஒரு உதவாத தட்டைப் போட்டுச் சோதித்தார். நாணயத்தை எடுத்துத் தனியாக வைத்தார். ஒரே ஒரு தடவைதான் ஓட்டுவது, போனில் பதிந்துகொண்டு தட்டை மூடி வைத்துவிடுவது என்று திட்டம். “இந்த ஒரு தரம்தான். தும்மல் வந்தா வெளிய போயிரு” என்றார்.

ஊசி இறங்கியது. விளிம்பின் சத்தம் கொஞ்சம் இருந்தது. அதற்குக் கீழிருந்து ஒரு பெண் எழுந்து பாடினாள். மெல்லிய குரல், பெரிய குரலெல்லாம் இல்லை. ஆனால் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. ஜெயஷீலா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். அழுதார். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரண்டாம் சரணம் முடிந்தது. ஆர்கன் ஒரு சுற்று வாசித்து நின்றது. மூன்றாம் சரணத்தை அம்மா எடுக்கவில்லை. ஆர்கன்காரர் இன்னொரு சுற்று வாசித்தார். அப்போதும் எடுக்கவில்லை. தப்பே விடாத ஞானசௌந்தரிக்கு அடி மறந்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் ஆண் குரல், பாடாமல், தணிந்து, ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தது.

“அந்திவேளை.”

உடனே அம்மா அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தாள். முன்னைவிட நன்றாகப் பாடினாள்.

ஜெயஷீலாவின் கை தலைப்பிலிருந்து இறங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் ஊசிக்கையை எடுத்து வைத்தார்.

“அது எங்க அப்பா” என்றார். “கீறலத் திட்டுதாருன்னுல்லா நெனச்சேன்.”

  டீ குடித்துவிட்டு ஆபீசுக்குத் திரும்பினேன்.

இரண்டு மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பில் விஷயமாகச் சந்தேகம் கேட்க அவருக்குப் போன் செய்தேன். பின்னால் ஆர்கன் சத்தம் கேட்டது.

“போன்ல இருக்கதக் கேக்கியளாக்கா?”

“இல்லலே. தட்டு ஓடுது.”

“ஒரு தரம்தான்னு சொன்னீய. போட்டுக்கிட்டே இருந்தா தேஞ்சிரும்லா?”

“கொஞ்சம் இரு” என்றார். ஆர்கன் ஒரு சுற்று வாசித்து நின்றது. இன்னொரு சுற்றும் வாசித்தது. பிறகு ஜெயஷீலாவின் குரல், போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தது.

“தேயட்டும், பாண்டியா” என்றார். “நீ பில்லச் சொல்லு.”