கரையிலிருந்து கூப்பிட்டவள்

ரேணுகாதேவிக்கு நீச்சல் தெரியாது. அணைத் தண்ணீரை நம்பிப் பிழைக்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷம் ஆகியும் முழங்காலுக்கு மேல் அவள் தண்ணீரில் இறங்கியதில்லை. பிறந்தது புதூர்நாட்டுக்கு ஏறும் பாதையின் அடியில் ஒரு புளியந்தோப்புக்காரர் வீட்டில். கல்யாணமாகி வந்தது ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் ஓடைகளை மறித்துக் கட்டிய அணையின் கரைக்கு. கணவன் ராஜாக்கண்ணு அணையில் வலை போடுகிறவன். அவன் பிடித்து வரும் கட்லாவையும் ஜிலேபிக் கெண்டையையும் அலுமினிய அன்னக்கூடையில் அடுக்கி, காலை பஸ்ஸில் ஆலங்காயத்துக்குக் கொண்டுபோய் விற்பது அவள் வேலை.

ஒரே மகள் ரம்யா. வாணியம்பாடியில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போனாள். கூட வேலை பார்த்த குணசீலனை அங்கேயே கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வேறு சாதி. செய்தி வந்த அன்று ராஜாக்கண்ணு சத்தம் போடவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்று, "இந்த வூட்ல அவ பேர யாரும் எடுக்கக் கூடாது," என்றான். அவ்வளவுதான்.

ரேணுகாதேவி அந்த வீட்டில் பெயரை எடுக்கவில்லை. வீட்டுக்கு வெளியே எடுத்தாள். சந்தையில் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, முந்தானையால் போனை மூடிக்கொண்டு மகளோடு பேசுவாள். பிரசவத்துக்கு மட்டும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வலைநூல் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தாள். திரும்பும்போது உண்மையிலேயே வலைநூல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

இது இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அதே அணையில் வலை போடும் கோவிந்தன் செத்துப்போனான். அணைத் தண்ணீரின் ஒரு கை, கரடு என்று சொல்கிற பாறைக்குன்றுக்குப் பின்னால் வளைந்து மலையை ஒட்டிப் போகிறது. மீன் அங்கேதான் அதிகம். ஆனால் அங்கே போனில் சிக்னல் கிடையாது. ஐப்பசி மழையில் கோவிந்தனின் பரிசல் அந்தக் கையில் இருந்தபோது மேலேயிருந்து காட்டாற்று வெள்ளம் இறங்கி, அடித்துவந்த மரம் ஒன்று பரிசலைப் புரட்டிவிட்டது. அவன் மனைவி காந்தா, மழைக்கு எங்கோ ஒதுங்கியிருக்கிறான் என்று நினைத்துச் சோறு வடித்து வைத்திருந்தாள். மறுநாள்தான் உடல் கிடைத்தது.

அதற்குப் பிறகு மீனவர் சங்கத்தில் பேசி வயர்லெஸ் செட்டுகள் வாங்கினார்கள். கரையில் தகரக் கொட்டகையில் பெரிய செட்டு ஒன்று. கரட்டுக்குப் பின்னால் போகும் படகுகளுக்குச் சின்னச் செட்டுகள். கரை செட்டை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டபோது ரேணுகாதேவி தானாகவே கையைத் தூக்கினாள்.

செட்டுகளைப் பொருத்த வாணியம்பாடியிலிருந்து நசருல்லா வந்தான். கேபிள் டிவி, சிசிடிவி, வயர்லெஸ் எல்லாம் பார்க்கிறவன். ராஜாக்கண்ணுவின் ஃபைபர் படகு மணலில் ஏற்றப்பட்டிருந்தது. நசருல்லா மூன்று ஆண்டெனாக்களைத் துணியில் வரிசையாக வைத்தான். ஒன்று ஆள் உயரத்துக்கும் மேல் நீளம். ஒன்று இடுப்பளவு. ஒன்று முழங்கை நீளம்.

"இந்தக் குட்டையே போதும்," என்றான் ராஜாக்கண்ணு. "வல இழுக்கற எடத்துல கம்பு நட்டா மாட்டிக்கும்."

"கரட்டத் தாண்டி பேச்சு வரணும்ல? நீட்டா கீறத வைங்க பாய்," என்றாள் ரேணுகாதேவி.

நசருல்லா தலையைச் சொறிந்தான். "இல்லக்கா. வூட்டு மாடின்னா நீட்டு சரி. படகு ஆடும். நீட்டு ஆண்டெனா ரேடியோ அலைய தட்டையா வுடும். படகு இந்தப் பக்கம் சாஞ்சா அது தண்ணில போய் முட்டும், அந்தப் பக்கம் சாஞ்சா வானத்துக்குப் போவும். இந்த நடுத்தரத்த பின்னால ஒரு பைப்பு நட்டு அசையாம முடுக்கிடலாம். வலைக்கு எதிர்ப் பக்கம்."

"கோவிந்தன் போனது அந்தக் கைல. ஒரு ஜான் கொறைச்சலா வெச்சதால பேச்சு வரலன்னா யாரு பதில் சொல்றது?" என்று அவள் கேட்டாள். காந்தா பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

நீளமானதையே வைத்தார்கள். ராஜாக்கண்ணு வலையை இழுத்துக் காட்டினான். இரண்டாவது இழுப்பிலேயே வலை கம்பில் சுற்றிக்கொண்டது. வேறு வழியில்லாமல் நசருல்லா அடியில் ஒரு கீல் வைத்தான். வலை இழுக்கும்போது கம்பைப் படுக்க வைக்கலாம், முடிந்ததும் நிமிர்த்தலாம். "சும்மா சும்மா மடக்காதீங்கண்ணா. கேபிளு அந்த எடத்துலதான் வளையுது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ராஜாக்கண்ணு மடக்கினான். ஒவ்வொரு வலைக்கும் மடக்கி, ஒவ்வொரு வலைக்கும் நிமிர்த்தினான். வேலை அப்படி. முதலில் சில மாதங்கள் பேச்சு கணீரென்று வந்தது. தண்ணீர் அலைந்த நாட்களில் அவன் குரல் விட்டு விட்டு வரும். ரேணுகாதேவி கொட்டகையில் உட்கார்ந்து, "கேக்குதா? ஓவர்," என்பாள். "கேக்குது. மீனு இல்ல. ஓவர்," என்பான் அவன். வீட்டில் பேசிக்கொள்வதைவிட அதில்தான் அதிகம் பேசினார்கள் என்று காந்தா கிண்டல் செய்வாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம். கரையில் வெயில் அடித்தது. ஆனால் புதூர்நாட்டுப் பக்கம் மலைத்தலை கறுத்துக் கிடந்தது. ரேணுகாதேவி மீன் கழுவிய தண்ணீரைக் கொட்ட வெளியே வந்தபோது கரையோரத் தண்ணீரில் நுரையும் சருகும் ஒதுங்குவதைப் பார்த்தாள். தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. மற்றப் படகுகள் திரும்பிவிட்டன. ராஜாக்கண்ணு மட்டும் கரட்டுக்குப் பின்னால்.

அவள் ஓடிப்போய் செட்டைப் பிடித்தாள். "ரம்யாப்பா, வெள்ளம் வருது. கரைக்கு வா. கேக்குதா? ஓவர்."

கரகரவென்று இரைச்சல் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் இரைச்சல். காந்தா வந்து அவள் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் ஆண்களைக் கூப்பிட ஓடினாள். இரண்டு படகுகள் கிளம்பின.

கொட்டகையில் ரேணுகாதேவி தனியாக இருந்தாள். நேரம் போகப் போக, மேலேயிருந்து ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. லாரி ஒன்று நிற்காமல் கல் கொட்டுவது போன்ற சத்தம். போன வருஷம் காந்தாவைப் பிடித்துக்கொண்டு இதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அவள் பேச ஆரம்பித்தாள். பதில் வரும் என்று நினைத்துப் பேசவில்லை. பேசாமல் இருக்க முடியவில்லை.

"யோவ், பேசுய்யா. ஒரு வார்த்த பேசு. கம்ப நிமித்து. மடக்கி வெச்சிருக்கியா? எத்தினி வாட்டி சொன்னேன்..." பிறகு வேறு குரலில் சொன்னாள்: "ரம்யாவுக்குப் பொண்ணு பொறந்துகீது. ஒரு வருஷம் ஆவுது. நான் போய்ப் பாத்தேன். வலநூல் வாங்கப் போறேன்னு உங்கிட்ட பொய் சொல்லிட்டுப் போனேன். நெத்தி அப்டியே உன்னுது. தெனம் அவகிட்ட பேசறேன், சந்தைல குந்திகினு பேசறேன். அவ ஒருநாளும் உன்ன கேக்காம போன வெச்சதில்ல. நீ போய்ட்டன்னா நான் அவள கூட்டிகினு வருவேன், எவன் தடுத்தாலும் கூட்டிகினு வருவேன். உயிரோட வந்தா என்ன திட்டு, பேசாம இரு, இன்னா வேணா பண்ணு. வந்துடுய்யா."

பொழுது சாய்வதற்குள் அவனைக் கொண்டுவந்தார்கள். கரட்டுக்குப் பின்னால் தண்ணீரில் நின்ற ஒரு வேலமரத்தில் படகைக் கட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறான். தோள்மூட்டு விலகியிருந்தது. ரேணுகாதேவி ஓடிப்போய் அவன் கையைத் தொட்டாள். அவன் கையை இழுத்துக்கொண்டான். வலியில் இழுக்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தோளைச் சரிசெய்து வீட்டுக்கு வந்த பிறகும் அவன் பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டான். கேட்டதற்குத் தலையசைத்தான். சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்டு வந்தவன், பயம் தெளியட்டும் என்று அவள் விட்டுவிட்டாள். காந்தாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"யக்கா, நீ பேசனதெல்லாம் செட்டுல வந்துச்சு. தேடப்போன ஆம்பளைங்க கேட்டுகினேதான் போனாங்க."

ரேணுகாதேவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஊருக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்திருக்குமா? அவன் செட்டுதான் வேலை செய்யவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

படகைப் பார்க்க நசருல்லா வந்தான். தோளில் கட்டுப் போட்ட கையோடு ராஜாக்கண்ணு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நசருல்லா கீலைக் கழற்றி, கேபிளை உரித்து அவளிடம் காட்டினான். மேலே கறுப்பு உறை முழுசாக இருந்தது. உள்ளே செம்புப் பின்னல் மடங்கி மடங்கி அற்றுப்போயிருந்தது.

"அப்ப செட்டு சுத்தமா செத்துப்போச்சா பாய்?"

"இல்லக்கா. கரை செட்டுக்குப் பவர் ஜாஸ்தி. அது அனுப்பறது இந்த அந்துபோன கேபிள்லயும் வந்து சேரும். இந்தச் சின்ன செட்டு அனுப்பறதுதான் வெளிய போவாது. அண்ணனுக்குக் கேக்கும். பேசத்தான் முடியாது."

அவள் திரும்பிப் பார்த்தாள். ராஜாக்கண்ணு கல்லிலிருந்து எழுந்து வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவளே கேட்டாள். "எல்லாம் கேட்டுகினுதான் இருந்தியா?"

"பட்டன அமுக்கி அமுக்கிக் கத்தனேன். கீறேன், உயிரோட கீறேன்னு கத்தனேன்," என்றான் அவன். "நீ பேசிகினே கீற. நிறுத்தல."

"பயத்துல பேசிட்டேன்."

"பயத்துல பேசனதுக்கு ஒண்ணுமில்ல. ஊரே கேட்டுச்சு. ஒரு வருஷமா எங்கிட்ட நீ சொல்லல."

"உங்கிட்ட சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"தெரியல," என்றான். "ஆனா சொல்லியிருக்கணும்."

அவளுக்கும் கோபம் வந்தது. பேரை எடுக்காதே என்று சொன்னவனிடம் எப்படிச் சொல்வது? அதைக் கேட்டாள். அவன் பாயை எடுத்துக்கொண்டு படகுக் கொட்டகைக்குப் போய்விட்டான். அங்கேயே பல நாள் படுத்துக்கொண்டான். சாப்பாட்டைக் காந்தா கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த நாட்களில் ரேணுகாதேவியை அரித்தது அவன் கோபம் மட்டுமல்ல. நசருல்லா சொன்ன நடுத்தரக் கம்பை வைத்திருந்தால் கீலே வேண்டியிருக்காது, கேபிளும் அற்றிருக்காது. நீளமானதை வை என்று பிடிவாதம் பிடித்தது அவள்தான். இதை அவன் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு ஆற்றிக்கொண்டிருப்பாள்.

இந்த முறை இடுப்பளவு ஆண்டெனாவைப் படகின் பின்பக்கம், வலைக்கு எதிரே, ஒரு குழாயில் அசையாமல் முடுக்கினார்கள். அவள் தள்ளி நின்று பார்த்தாள். யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

தோள் ஆறி அவன் மறுபடி தண்ணீருக்குப் போக ஆரம்பித்ததும் வீட்டுக்குள் வந்து படுத்தான். ரேணுகாதேவி இப்போது வீட்டிலேயே உட்கார்ந்து மகளோடு பேசினாள். அவன் எழுந்து வெளியே போகவில்லை, பக்கத்தில் வரவுமில்லை. ஒருநாள் துணிந்து, "ஞாயித்துக்கெழம ரம்யாவ வரச் சொல்லிகீறேன், கொழந்தையோட," என்றாள். அவன், "சரி," என்றான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் மூன்று நாள் வீட்டைத் துடைத்தாள்.

ரம்யா வந்த அன்று விடிவதற்கு முன்பே அவன் படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மதியம் ரேணுகாதேவி செட்டில் கூப்பிட்டாள். "வந்துட்டாங்க. ஓவர்." தெளிவாகப் பதில் வந்தது: "வல போட்டுகீறேன். ஓவர்." அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ரம்யா வாசலைப் பார்ப்பதும் குழந்தையைப் பார்ப்பதுமாக இருந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமானபோது குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "அவருக்கு என் மூஞ்சியப் பாக்கப் புடிக்கலன்னா இனிமே நான் வர்றதில்லம்மா. நீ வேணும்னா அங்க வா," என்றாள். அழாமல் சொன்னாள். அதுதான் ரேணுகாதேவியை உலுக்கியது.

பஸ் போய்க் கொஞ்ச நேரம் கழித்து ராஜாக்கண்ணு வந்தான். கையில் பெரிய கட்லா ஒன்று. எப்போதும் மீனை அவளிடம் போட்டுவிட்டுப் போகிறவன், படகிலேயே செதிள் எடுத்து, குடல் நீக்கி, நடுக்கண்டங்களாக வெட்டி வாழை இலையில் சுற்றியிருந்தான்.

"போய்ட்டாளா?"

"கடைசி பஸ்ஸுக்குப் போய்ட்டா."

அவன் இலைப்பொட்டலத்தைப் பிடித்தபடியே நின்றான். "கரட்டாண்ட வரைக்கும் வந்துட்டேன். அதத் தாண்டி வர முடியல," என்றான்.

அவள் அந்த மீனைக் குழம்பு வைத்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் அவன், "மறுபடி எப்ப வர்றாளாம்?" என்று கேட்டான்.

அப்புறம் சொல்லலாம், அவன் மனசு இளகியிருக்கும்போது நோகடிக்க வேண்டாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் நிமிர்ந்து பார்த்து, ரம்யா சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கண்டத்திலிருந்து முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான். அதற்குப் பிறகு சாப்பிடவில்லை, எழுந்திருக்கவுமில்லை. சோறு காய்ந்து கையில் ஒட்டுகிறவரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.