வேண்டாம் சிஸ்டரின் கம்ப்யூட்டர்

அந்த ஆஸ்பத்திரியில் முகத்துக்கு நேரே எல்லோரும் அவரை 'சிஸ்டர்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'வேண்டாம் சிஸ்டர்'. ஆண்கள் வார்டுக்குப் பொறுப்பான செவிலியர் அவர். புதிதாக எது வந்தாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் வார்த்தை அதுதான். பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. "வேணும்னு சொல்றதுக்கு நூறு பேர் இருக்காங்க. வேண்டாம்னு சொல்ல ஒருத்தியாவது இருக்கட்டுமே" என்று சிரித்துக்கொள்வார்.

முதல் தடவை கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்படித்தான். பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை எல்லாம் கீழ்த்தளத்து அலுவலகத்தில் வரிசையாக அடுக்கினார்கள். ஒரு மதியம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு சுவரில் படம் காட்டினார்கள். இரவுப் பணி முடித்து வந்த பாதிப்பேர் அந்த இருட்டில் நன்றாகத் தூங்கினார்கள். அதற்குப் பெயர் பயிற்சி. மறுநாளிலிருந்து செவிலியர்கள் வார்டில் பேப்பரில் எழுத வேண்டும், பணி முடிந்ததும் கீழே போய் வரிசையில் நின்று அதையே மறுபடி தட்ட வேண்டும். மூச்சு வாங்கிக்கொண்டு வந்த ஆளைச் சேர்க்கப் போனால், அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெட்டி அடுத்த பக்கத்தைத் திறக்கும்.

"இது நோயாளிக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம்" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவர் சிஸ்டர் ஒருவர்தான். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், தொடாமல் விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டிகள் மீது பழைய போர்வை ஏறியது, போர்வை மீது கோப்புக்கட்டு ஏறியது. எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

சில வருஷம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் புதுக் கண்காணிப்பாளர் வந்தார். அதிகம் பேசாத, ஆனால் எதையும் மறக்காத டாக்டரம்மா. வந்த சூட்டோடு சிஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மறுபடியும் கம்ப்யூட்டர் கொண்டு வரப் போறோம், சிஸ்டர்."

"வேண்டாம் மேடம்."

"அப்படிச் சொல்வீங்கன்னுதான் கூப்பிட்டேன். இந்தத் தடவை நீங்கதான் அதுக்குப் பொறுப்பு."

சிஸ்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எனக்கு அந்த மவுஸை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது மேடம்."

"அதைக் கத்துக்கலாம். பழைய கூட்டக் குறிப்பெல்லாம் படிச்சேன். போன தடவை ஏன் படுத்துச்சுன்னு இந்த ஆஸ்பத்திரியில நீங்க ஒருத்தர்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கீங்க. ஆமாம் சாமி போடறவங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது, பஸ் டிரைவரான அவர் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஓடற வண்டிக்கெல்லாம் பிரேக் போடறவளைக் கூட்டிட்டு வந்து ஸ்டியரிங்ல உக்கார வெச்சுட்டாங்களா?"

"சிரிக்காதீங்க. தட்டிக் கழிக்கத்தான் ரெண்டு நிபந்தனை போட்டேன். நாங்க பெட்டியைத் தேடிப் போக மாட்டோம், பெட்டி கட்டில்கிட்ட வரணும்னேன். அதுல ஏத்தினதை மறுபடி பேப்பர்ல எழுத மாட்டோம்னேன். அந்தம்மா ரெண்டுக்கும் சரின்னுட்டாங்க. வசமா மாட்டிக்கிட்டேன்."

மென்பொருள் எழுத ஒரு பெண் வந்தாள். மடிக்கணினிப் பையோடு நேராக அலுவலக அறைக்குப் போனவளை சிஸ்டர் வழிமறித்து வார்டுக்குக் கூட்டிப் போனார். "முதல்ல எங்க கூட நில்லும்மா. அப்புறம் எழுது." அவளும் முகம் சுளிக்காமல் ஒரு செவிலியரின் நிழல் மாதிரி கட்டில் கட்டிலாக நடந்தாள். கால் வலி தாங்காமல் முக்காலியில் உட்கார்ந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "ஒரே ஆளோட பேரை இத்தனை இடத்துலயா எழுதறீங்க?"

"ஆமா. மருந்துக்கு ஒண்ணு, ரத்தப் பரிசோதனைக்கு ஒண்ணு, எக்ஸ்ரேக்கு ஒண்ணு, சாப்பாட்டுக்கு ஒண்ணு."

"இனிமே ஒரே ஒரு தடவை எழுதினா போதும். மிச்சத்தை அது பார்த்துக்கும்."

அந்த வாக்கியத்தைக் கேட்டபோதுதான் சிஸ்டருக்கு உள்ளுக்குள் ஏதோ இளகியது.

இருவருக்கும் சண்டை வராமல் இல்லை. திரை அப்படியே பழைய கேஸ் ஷீட் மாதிரி இருக்க வேண்டும் என்று சிஸ்டர் ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு அப்படியே செய்து கொடுத்தாள். பேப்பரில் பளிச்சென்று இருந்தது திரையில் எறும்பு ஊர்வது மாதிரி இருந்தது. செவிலியர்கள் கண்ணைக் கசக்கினார்கள். "என் பிடிவாதம்தான்மா. உன் வழியிலேயே போடு" என்று சிஸ்டர் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. மவுஸ் என்னவோ கொஞ்ச காலம் சிஸ்டர் கைக்குள் அடங்காமல் நிஜ எலி மாதிரிதான் ஓடியது. ஒவ்வொரு வார்டிலும் ஆர்வம் உள்ள ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவரைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார். யாராவது தப்பாகத் தட்டினால், தான் தட்டிய தப்புகளைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்.

வளையாதவர் ஒருவர் இருந்தார்: தலைமை சர்ஜன். கை ராசிக்காரர் என்று பேர் வாங்கியவர். "நான் ஆபரேஷன் பண்றவன் சிஸ்டர், டைப் அடிக்கறவன் இல்ல" என்று சொல்லிவிட்டு மருந்தைப் பேப்பரில் கிறுக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அவர் தட்டாததால் அவருக்குக் கீழே இருந்த டாக்டர்களும் தட்டவில்லை. பாதி மருந்து திரையில், பாதி பேப்பரில். இப்படியே போனால் பழைய போர்வை மறுபடி வெளியே வந்துவிடும் என்று சிஸ்டருக்குப் புரிந்தது.

மேலிடத்தில் புகார் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தார். திரைக்கு முன்னால் வரும்போதெல்லாம் சர்ஜன் கழுத்தைப் பின்னுக்கு இழுப்பதும், கண்ணாடியை மேலே தள்ளி, கீழே இறக்கிப் பார்ப்பதும் கண்ணில் பட்டது. சாப்பாட்டு நேரத்தில், நோயாளிகள் இல்லாத வேளை பார்த்து, சிஸ்டர் அவருடைய புறநோயாளி அறைக்குள் போனார்.

"சார், எழுத்து சின்னதா தெரியுதா?"

சர்ஜன் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா. ரெண்டு விரலால தேடித் தேடி வேற அடிக்கறேன். சின்னப் பசங்க எல்லாம் பின்னால நின்னு பார்க்கறாங்க" என்றார்.

"இவ்வளவுதானா சார்? முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

அந்த வாரமே அவருடைய திரையில் எழுத்து கொட்டை கொட்டையாக வந்தது. அவர் வழக்கமாக எழுதும் மருந்துகள் ஒரே தொடலில் வந்து நின்றன. சாப்பாட்டு நேரங்களில் சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சர்ஜன் தட்டினார். அவருக்குப் பின்னால் மற்ற டாக்டர்களும் தட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு காலை, வெளியே சாலையைத் தோண்டியவர்கள் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டார்கள். எல்லாத் திரையும் ஒரே நேரத்தில் உறைந்தது. சிஸ்டர் இப்படி ஒரு நாளுக்காக அச்சடித்து வைத்திருந்த தாள்களை வார்டு வார்டாக அனுப்பினார். எந்த நோயாளிக்கும் மருந்து தவறவில்லை. ஆனால் அவர் அறை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. லேபிலிருந்து ஒருவர், மருந்தகத்திலிருந்து ஒருவர், பிரசவ வார்டிலிருந்து இருவர். எல்லோரும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த சர்ஜன்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினார்.

"என்ன சிஸ்டர் இது! கம்ப்யூட்டர் இல்லாம நான் எப்படி வேலை பார்க்கறது?"

சிஸ்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. சர்ஜன் திகைத்து நின்றார். "நான் என்ன ஜோக்கா சொன்னேன்?"

"இல்ல சார். திட்டுங்க. நல்லா திட்டுங்க. போன தடவை இது நின்னப்போ ஒருத்தர்கூட திட்டலை."

சர்ஜனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அவரும் சிரித்துவிட்டார். அப்போது அங்கே வந்த கண்காணிப்பாளரிடம் சிஸ்டர் சூட்டோடு சூடாக இரண்டாவது இணைப்புக் கேபிள் கேட்டார். மதியத்துக்குள் திரைகள் உயிர் பெற்றன. கேபிளும் அந்த மாதமே வந்தது.

பிறகு சிஸ்டரின் கணவர் குடலிறக்கத்துக்காக அதே வார்டில் வந்து படுத்தார். அறுவை சிகிச்சை செய்ததும் அதே சர்ஜன்தான். மறுநாள் காலை செவிலியர் ஒருத்தி கம்ப்யூட்டர் வைத்த சக்கர மேஜையைத் தள்ளிக்கொண்டு கட்டிலருகே வந்தாள். மணிக்கட்டில் கட்டிய பட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பெயரைக் கேட்டாள், சரியான மாத்திரையைக் கையில் கொடுத்தாள். கணவர் அதை விழுங்கிவிட்டு அடுத்த கட்டில்காரரைக் கூப்பிட்டார்.

"பார்த்தீங்களா? இதெல்லாம் எங்க வீட்டம்மா பண்ணினது."

"என்ன, கம்ப்யூட்டரா?"

"கம்ப்யூட்டரை யார் வேணா பண்ணுவாங்க. இந்த ஆஸ்பத்திரியில இருக்கற அத்தனை பேரையும் அதைத் தொட வெச்சதுதான் பெருசு."

"சும்மா இருங்களேன், மானம் போகுது" என்று அதட்டினார் வாசலில் நின்ற சிஸ்டர். அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து, "நிஜமாவாம்மா?" என்று கேட்டார்.

சிஸ்டர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். இல்லை, எல்லோரும் சேர்ந்து செய்தது என்று சொல்லத்தான் வாயெடுத்தார். வந்ததென்னவோ வேறு.

"ஆமாங்க" என்றார்.

சொல்லிவிட்டு நிமிர்ந்த தலையோடு அடுத்த வார்டுக்கு நடந்தார்.